பேருந்து திரும்பும் இடத்தில் அரளி

மலையூரார் கேட்டது இன்னொரு பேருந்து. வந்து சேர்ந்தது பூங்கா!

ஜவ்வாது மலையின் அந்தக் கடைசி ஊருக்குக் காலையில் ஒரே பேருந்து. போளூரிலிருந்து ஏறிவந்து, ஊர் முனையிலுள்ள வெட்டவெளியில் வட்டமடித்துத் திரும்பும். அழகூட்டும் அலுவலர் ராஜவேலுவின் கண்ணை உறுத்தியது அந்த வெட்டவெளிதான். அதன் நடுவே செங்கல்லால் வட்டப் பாத்தி கட்டி, செவ்வரளி நட்டு, மேடை போட்டுத் திறந்துவைத்தார்.

"தண்ணி வேணாம், உரம் வேணாம், ஆடு வாய் வைக்காது. கவனிக்க ஆளே இல்லன்னாலும் சிரிச்சிக்கினே இருக்கும்" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார்.

"செடிய சொல்றாரா, நம்மள சொல்றாரா?" என்றாள் புளி விற்கும் குப்பம்மா.

மறுநாள் வந்த பேருந்துக்குத் திரும்ப இடமில்லை. பின்புறமாகவே மலைப்பாதையின் கீழ்வளைவுவரை இறங்கிய ஓட்டுநர், அன்றுமுதல் அங்கேயே வண்டியைத் திருப்பிக்கொண்டார். அழகு ஏறி வந்தது; பேருந்து இறங்கிப் போயிற்று.

இதில் அறுபடவிருந்தது அருணாவின் படிப்பு. அந்த ஊரிலிருந்து போளூர்க் கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள். கீழ்வளைவுக்குக் கரடி உலவும் காட்டுவழி. விடியுமுன் நடக்க முடியாது. விடிந்தபின் நடந்தால் பேருந்து இருக்காது. வருகை இன்னும் குறைந்தால் தேர்வெழுத விடமாட்டோம் என்றது கல்லூரி.

ராஜவேலுவிடம் ஓடினாள்.

"அந்தச் செடிய எடுத்துட்டா பஸ் மேல வந்துடும் சார்."

"உயிரோட இருக்கற அரசாங்கச் செடிம்மா அது. எவனாவது புடுங்கினா கேஸ் ஆயிடும். காஞ்சி போனா சொல்லு, பாத்தியையே இடிச்சிடலாம்."

ஊர் காத்திருந்தது. மாசி வெயில் மலையை வறுத்தது. ஒரு சொட்டு நீரும் யாரும் ஊற்றவில்லை. அரளி காய்ந்ததா? கொத்துக் கொத்தாகப் பூத்தது! ஆடுகள் வந்தன, பாத்தியிலிருந்த புல்லை மட்டும் மேய்ந்து, செடிக்குத் தொண்டு செய்துவிட்டுப் போயின.

"இன்னாடி இது, சாவாது போலருக்கே" என்றாள் குப்பம்மா. "நம்மூரு வாசி ஆயிடுச்சி."

அருணா பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அத்தே, நம்மூரு கைபம்பு எப்ப நின்னுச்சி?"

"ரிப்பேர் பண்ண வந்தானுங்களே, அன்னிக்கி."

"தெருவிளக்கு?"

"பாத்துக்க ஆள் போட்டாங்களே, அப்பறம்..." குப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி."

மறுநாளே அருணா அலுவலர்முன் கைகட்டி நின்றாள். "செடி அவ்ளோ அழகா இருக்கு சார். பராமரிக்க ஒரு ஆள் போட்டுக் குடுங்க சார்."

அலுவலரின் உள்ளம் உருகியது. ஒப்பந்தக்காரர் கோபால்சாமி வந்திறங்கினார். களை பிடுங்கக் கூலியாள் எதற்கு என்று பாத்தி முழுதும் களைக்கொல்லி அடித்தார். அதிலும் மனம் நிறையாமல், மூட்டை உரத்தை வேரிலே கொட்டினார். வெயிலும் வறட்சியும் தோற்ற இடத்தில் பராமரிப்பு வென்றது. பங்குனி பிறக்குமுன் அரளி கருகியது, சொன்னபடி பாத்தியும் இடிபட்டது, பேருந்து மேலேறி வந்து வட்டமடித்தது. தேர்வுக்கு வேண்டிய வருகை இன்னும் எட்டிப்பிடிக்கும் தொலைவில்தான் இருந்தது.

அந்த முதல் பேருந்திலேயே துக்கம் கேட்க வந்திறங்கினார் ராஜவேலு.

"செடி போயிட்ச்சேம்மா. நீ மனச வுட்டுடாத. இந்த பஸ்ஸையும் கோபால்சாமிகிட்டயே பராமரிக்கக் குடுக்கச் சொல்லி எழுதிடறேன்."

படியில் கால்வைத்த அருணா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"வேணாம் சார். இது ஓடற வண்டி."