இரண்டு கடைக்கு ஒரு பஸ்

பட்டணத்திலிருந்து திருச்சிக்குப் போகிற பஸ் பலகாரத்துக்கு ஓரிடத்தில்தான் நிற்கும். இரண்டு இடத்தில் நிற்காது. இது விழுப்புரத்துத் தேவநாதனுக்குத் தெரியும், திண்டிவனத்து ராஜாமணிக்குத் தெரியும், ரோட்டோரம் மாடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும். தெரியாதவர்கள் சந்திரகாந்தி பவனின் ஹெட் ஆபீஸ்காரர்கள் மட்டும்தான். தெரிந்தே தெரியாத மாதிரி இருந்தார்களோ என்னவோ, பெரிய இடத்து விவகாரம், நமக்கெதற்கு!

சந்திரகாந்தி பவன் பட்டணத்தில் பேர்பெற்ற ஓட்டல். அதன் முதலாளிகள் ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு யோசனை பண்ணினார்கள். ஊர் ஊராகப் போய் நாமே கடை திறப்பானேன், கை முதலைப் போடுவானேன்? பேரை மட்டும் கொடுப்போம், கடையை உள்ளூர்க்காரன் வைத்துக்கொள்ளட்டும். பேருக்கு ஒரு முன்பணம். விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பங்கு. காபிப் பொடி எங்களிடம்தான் வாங்கவேண்டும், இட்லிக்கு விலையும் நாங்கள்தான் சொல்வோம். பத்து வருஷம் ஒழுங்காக நடத்தினால் முன்பணம் திரும்பி வரும். நடுவில் பேரை விட்டால் வராது. யோசனை என்றால் இதுவல்லவோ யோசனை! அடுப்புச் சூடு ஒருவனுக்கு, ஆதாயம் இன்னொருவனுக்கு.

வளவனூர்ப் பக்கம் பயிர் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த தேவநாதன் இதில் போய் விழுந்தார். மனைவி அம்சாவுக்கு அவள் அப்பா எழுதிவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற கொல்லையை அடகு வைத்து முன்பணம் கட்டினார். அம்சா அன்றைக்கே கேட்டாள்.

"மாவ நாமதான் ஆட்டப்போறோம், இட்லிய நாமதான் ஊத்தப்போறோம். வெறும் பேருக்கு எதுக்குங்க கொல்லைய வெக்கணும்?"

"உனக்கு வியாபாரம் தெரியாது, சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்துவிட்டார் தேவநாதன்.

முதல் இரண்டு வருஷம் அவர் சொன்னதுதான் சரியென்று ஆயிற்று. விழுப்புரத்தில் மெயின் ரோட்டு மேலேயே கடை. பச்சை எழுத்தில் பெரிய போர்டு. காலையில் நாலு பஸ், சாயந்திரம் மூன்று. பஸ் வந்து நின்றதும் அறுபது பேர் ஒரே மூச்சில் உள்ளே பாய்வார்கள். பத்து நிமிஷத்துக்குள் அத்தனை பேருக்கும் இலை போட்டு, இட்லி வைத்து, சாம்பார் ஊற்றி, காபி கொடுத்து, காசு வாங்கி அனுப்பவேண்டும். தேவநாதன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே "ஜல்தி, ஜல்தி!" என்று கத்துவார். அந்தக் கத்தலில் அவருக்கு ஒரு சுகமே இருந்தது.

மூன்றாம் வருஷம் ஹெட் ஆபீஸ் அதே பேரைத் திண்டிவனத்து ராஜாமணிக்கும் கொடுத்தது. அதே ரோடு. நடுவில் இருபது சொச்சம் மைல். அதே பச்சைப் போர்டு.

தேவநாதன் பட்டணத்துக்கு ஓடினார். மானேஜர் விருத்தாசலம் அவரை உட்காரச் சொல்லி, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"ரெண்டும் நம்ம கடைதானே சார்? பஸ் எங்க நின்னா என்ன, நம்ம பேருக்குத்தானே பெருமை?"

"பெருமை உங்களுக்கு. பஸ் திண்டிவனத்துல நின்னா எனக்கு என்னாங்க இருக்குது?"

"போட்டி இருந்தால் தரம் உயரும்" என்றார் விருத்தாசலம். இப்படிப் பேசுகிற மனிதரிடம் என்னத்தைச் சொல்வது? தேவநாதன் எழுந்து வந்துவிட்டார். அந்த மின்விசிறிக் காற்று மட்டும்தான் மிச்சம்.

பஸ் எங்கே நிற்கவேண்டும் என்பதை முடிவு செய்கிறவர் டிரைவர். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் காசு கேட்காமல் இலை போடுவது அந்த ரோட்டில் எந்தக் கடைக்கும் வழக்கம். அறுபது பேரைக் கொண்டுவந்து இறக்குகிறவனிடம் இரண்டு இட்லிக்கு யார் காசு கேட்பார்கள்? அதுவரை அது இட்லி, வடை, காபியோடு நின்றது. ராஜாமணி கடை திறந்ததும் கதையே மாறிவிட்டது. அவர் டிரைவர்களுக்கு நெய் ரோஸ்ட் போட்டார். தேவநாதன் நெய் ரோஸ்டோடு கேசரி வைத்தார். ராஜாமணி சாப்பிட்டு எழும்போது ஒரு பாக்கெட் சிகரெட் கொடுத்தார். தேவநாதன் வீட்டுக்கு என்று மைசூர்பாகு பொட்டலம் கட்டினார். தாண்டவராயன் என்ற டிரைவர், மூத்த ஆள், இரண்டு கடையிலும் பிள்ளை பெண்டாட்டியைப் பற்றி விசாரிப்பான். ஒரு வாரம் அங்கே நிற்பான், ஒரு வாரம் இங்கே நிற்பான். மாப்பிள்ளைக்குக்கூட அந்த உபசாரம் நடந்திருக்காது.

மாசக் கடைசியில் கல்லாவைத் தட்டிப் பார்த்தால் சத்தம்தான் வந்தது. பஸ் நின்றால் டிரைவர் தின்றுவிட்டான், நிற்காவிட்டால் அரைத்த மாவு புளித்துப் போயிற்று. இரண்டுக்கும் நடுவில் ஹெட் ஆபீஸ் பங்கு மட்டும் நாள் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. வட்டி கட்டக் கடன் வாங்கினார் தேவநாதன். அம்சா கேட்டால், "அமோகமா நடக்குது" என்பார். ஊரில் கேட்டாலும் அதேதான். கொல்லை மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

அறுபத்திரண்டில் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கிளைகளில் இலவசமாகச் சாப்பாடு போடுவதாகப் புகார் வருகிறதாம். இனிமேல் யாருக்கு இலை போட்டாலும் அது விற்பனைதான், அதற்கும் பங்கு கட்டவேண்டுமாம். விருத்தாசலம் நேரில் பஸ்ஸிலேயே வந்து பார்வையிடுவாராம்.

தேவநாதன் வந்த கோபத்தில் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தார். டிரைவர் தின்கிற ஓசி இட்லிக்கும் இவர்களுக்குப் பங்கு! அடுத்த பஸ்ஸைப் பிடித்து நேராகத் திண்டிவனம் போனார். இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத ராஜாமணி அவரைப் பார்த்ததும் பயந்துதான் போனார்.

"சண்ட போட வரல" என்றார் தேவநாதன். "உனக்கும் அந்தக் காயிதம் வந்துதா?"

"வந்துதுண்ணே. ரெண்டு நாளா சோறு எறங்கல."

"உண்மையச் சொல்லு. உனக்குக் கையில ஏதாவது நிக்குதா?"

ராஜாமணி சுற்றுமுற்றும் பார்த்தார். "பொண்டாட்டி வளையல் போச்சுண்ணே. உங்களுக்கு என்னா, அமோகமா ஓடுதுன்னு சொல்றாங்க."

தேவநாதன் வந்த விஷயத்துக்குப் போனார். "அந்த ஆளு பஸ்லதான வர்றாரு? அவர் சொன்னபடியே செய்வோம். நீயும் போடாத, நானும் போடல. டிரைவர் காசு குடுத்தா எலை, இல்லன்னா இல்ல. பஸ் எங்க நிக்குதுன்னு அவரே கண்ணால பாக்கட்டும்."

"நான் நிறுத்திட்டு நீங்க போட்டுட்டா?"

"எங்கொல்லை மேல சத்தியம்" என்றார் தேவநாதன். கொல்லை அவருடையதல்ல என்பது அப்போது அவருக்கு நினைவில்லை.

இருவரும் சொன்ன சொல் தவறவில்லை. தாண்டவராயனிடம் காசு கேட்டபோது அவன் தேவநாதனை மேலும் கீழும் பார்த்தான். "ஒடம்பு சரியில்லியா மொதலாளி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டியை எடுத்தான். அத்தோடு சரி. அவன் சொல்லி மற்ற டிரைவர்களுக்கும் செய்தி போய்விட்டது.

ஒரு புதன்கிழமை விருத்தாசலம் வருகிறார் என்று தெரிந்து, தேவநாதன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பஸ் வந்தது. கடையைத் தாண்டிப் போய் பஸ் ஸ்டாண்டில் நின்றது. கொஞ்ச நேரத்தில் விருத்தாசலம் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார். வாய் நிறைய வெற்றிலை.

"சாப்பிடலீங்களா?" என்றார் தேவநாதன், உள்ளுக்குள் குதூகலத்தோடு.

"நடுவுல கூட்டேரிப்பட்டுல ஆச்சு. ரோட்டோரத்துல ஒரு அம்மா கீத்துக்கொட்டகை போட்டிருக்காளே, அங்கதான் பஸ் நின்னது. கொட்டகை கொள்ளாத கூட்டம்."

"பாத்தீங்களா? திண்டிவனத்துலயும் நிக்கல, இங்கயும் நிக்கல. ஏன்னு புரியுதுங்களா?"

"நல்லாப் புரியுது" என்றார் விருத்தாசலம். சமையலறையைப் பார்த்தார், காபியைக் குடித்தார், எதிலும் குறை சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

தேவநாதனுக்கு ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. கண்ணால் பார்த்துவிட்டார், இனிமேல் எப்படி மறுப்பார்கள்? சுற்றறிக்கையை வாபஸ் வாங்குவார்கள், பங்கைக் குறைப்பார்கள், டிரைவர் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்வார்கள். வாரக்கணக்கில் தபால்காரனை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் டிரைவர்களுக்குக் கூட்டேரிப்பட்டு பழகிவிட்டது. திரும்பவும் இலை போடுகிறேன் என்று சொல்லி அனுப்பியும் ஒருவனும் நிற்கவில்லை. உள்ளூரில் வந்து போகிற நாலு பேருக்காக அடுப்பு எரிந்தது.

ஒருநாள் ஒரு கண்டக்டர் பஸ் படியில் தொங்கியபடியே கத்திக்கொண்டு போனான். "கூட்டேரிப்பட்டுல உங்க கிளை தொறந்துட்டீங்களே மொதலாளி! சொல்லவே இல்ல!"

தேவநாதன் கேலி என்று நினைத்தார். கேலி இல்லை. ராஜாமணியையும் வரச்சொல்லி இருவரும் கூட்டேரிப்பட்டில் இறங்கினபோது, கொட்டகையை விட அகலமாகப் போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை எழுத்து. சந்திரகாந்தி பவன்.

ராஜாமணி சிரித்தார். சிரித்தாரா அழுதாரா என்று சொல்லமுடியாது. தேவநாதனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. இருக்கிற ஒரு பஸ்ஸுக்கு இரண்டு கடை போதாதென்று மூன்றாவது! பார்க்க வந்த மனிதன் பார்த்தது இதைத்தானா? கடை இரண்டு சாகிறதே என்று தோன்றவில்லை, கூட்டம் சேர்கிற இடம் ஒன்று பேரில்லாமல் கிடக்கிறதே என்றுதான் தோன்றியிருக்கிறது.

கொட்டகைக்காரி பாஞ்சாலி ஓடிவந்து பெஞ்சைத் துடைத்தாள். நாற்பது வயதிருக்கும். தனி ஆளாக இட்லிப்பானையோடு மல்லுக்கட்டுகிறவள். காலையில் கேப்பைக் கூழும் உண்டு அவள் கடையில்.

"வாங்க மொதலாளி, வாங்க! விழுப்புரத்துக் கடைதான நீங்க? நீங்களே வந்துட்டீங்க, எம்மாம் பெரிய சந்தோசம்!"

"என்னாத்த வெச்சும்மா முன்பணம் கட்டினே?" என்றார் தேவநாதன்.

"மாடு ரெண்டு. அப்புறம் எங்கூட்டுக்காரரு உட்டுட்டுப் போன மனை. அதான் பத்து வருசத்துல திரும்பி வந்துருதே."

அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. தாண்டவராயன் இறங்கினான். இரண்டு முதலாளிகளையும் பார்த்து வெட்கமே இல்லாமல் கும்பிட்டுவிட்டு, தன் இடம் என்று ஒரு மூலையில் போய் உட்கார்ந்தான். பாஞ்சாலி அவனுக்கு இலை போட்டு ஆறு இட்லி வைத்தாள். அந்த இலைக்கும் இனி பங்கு கட்டவேண்டும் என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது.

"இத பாரு" என்றார் தேவநாதன். "நான் சொல்றத பொறாமைன்னு நெனச்சுக்காத. இது வேணாம். எங்க ரெண்டு பேருக்கும் நஷ்டம். ரெண்டு வருசமா நஷ்டம். எங்கொல்லை முழுகிக்கினு இருக்குது."

நஷ்டம் என்ற சொல்லை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ராஜாமணி சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

பாஞ்சாலி நம்பவில்லை. கரண்டியைப் பிடித்தபடி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "உங்க கடைக் கூட்டத்தப் பாத்துதான் மொதலாளி எனக்கே ஆச வந்துச்சி. நஷ்டம்னா நீங்க ஏன் இன்னும் போர்ட மாட்டிக்கினு இருக்கீங்க?"

குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முன்பணம் என்று சொல்ல வாயெடுத்தார் தேவநாதன். இன்னும் ஆறு வருஷம் பாக்கி. அந்த ஆறு வருஷத்தில் முன்பணத்தைப்போல இரண்டு மடங்கு பணம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தே, இந்தக் கொட்டகைக்காரி மாதிரி எத்தனை பேர் பார்த்து ஆசைப்படும்படி, பொய்ச் சிரிப்போடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவமானமாக இருந்தது. ஹெட் ஆபீஸ் மேல் வந்த கோபத்தையெல்லாம் விட அந்த அவமானம் பெரிதாக இருந்தது.

"வாண்ணே, போலாம்" என்றார் ராஜாமணி. தேவநாதன் எழுந்தார்.

விழுப்புரத்தில் இறங்கினதும் கடைக்குள் போகவில்லை. ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறினார். சத்தம் கேட்டு அம்சா கடைக்குப் பின்னால் இருந்த வீட்டு அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள்.

"என்னாங்க பண்றீங்க?"

"போர்டக் கழட்டறேன்."

"எதுக்கு?"

தேவநாதன் மேலேயே நின்றார். கீழே இறங்கி அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. "ரெண்டு வருசமா அமோகமா நடக்குதுன்னு சொன்னதெல்லாம் பொய். கொல்லை திரும்பாது அம்சா. இத மாட்டிக்கினு இருந்தா, கடையும் போயிடும்."

ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அம்சாவின் அப்பா அவள் பேருக்கு எழுதினது அந்த ஒரு கொல்லைதான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அதை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"ரெண்டு வருசமாவா?" என்றாள்.

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

தேவநாதன் ஆணியைப் பிடித்து ஆட்டினார். துருப்பிடித்த ஆணி, அசையவில்லை. கை வழுக்கியது.

"எறங்குங்க" என்றாள் அம்சா.

"இரு, இதோ வந்துரும்."

"எறங்குங்கன்றேன். எங்கப்பன் கொல்ல அது. நான் புடுங்கறேன்."

அவர் இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள்.