நில்லு அக்காவின் வலது கை

தெருப் பாதுகாப்பு நிதி நிறுத்தப்பட்டதாக அரசாங்கக் கடிதம் வந்த காலையில், பள்ளிக்கூட முனையில் லாரியை நிறுத்துவதற்காக நில்லு அக்கா தூக்கிய வலது கை அதன்பிறகு இறங்கவில்லை. பிள்ளைகள் சாலையைக் கடந்தார்கள், லாரி போனது, பள்ளிக்கூட மணி அடித்தது, கை மட்டும் அப்படியே இருந்தது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். அவளுடைய கணவர் தையல்காரர். அவர் அதற்குமேல் யாரையும் போய்க் கேட்கவில்லை. அன்று மதியமே அளவெடுத்து, வலது கைப்பகுதி மேலே பார்த்திருக்கும்படி இரண்டு சட்டை வெட்டினார்.

பதினொரு வருடமாக அந்த நிதியில்தான் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் அவளுக்குச் சம்பளம், முனைக்கு விளக்கு, சாலையின் வெள்ளைக் கோடுகளுக்குப் பெயின்ட். கோடுகள் அழிந்தன, விளக்கு அவிந்தது, அவள் மட்டும் சம்பளமில்லாமல் காலையும் சாயங்காலமும் போய் நின்றாள். தூக்கின கையை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்ய என்பாள். இடது கையால் சாப்பிடப் பழகினாள். தலை வாரிவிடுவது கணவரின் வேலையாயிற்று; அவர் எடுக்கும் வகிடு தையல் போட்டது போல நேராக இருக்கும். தெருவில் சும்மா நடந்து போனாலும் வாடகைக் கார்கள் வந்து நின்று, முணுமுணுத்துவிட்டுப் போயின. பெற்றோர்கள் சேர்ந்து அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள்.

விசாரணையின் முதல் நாள் நீதிபதி மூன்று தடவை வாதத்தை நிறுத்தி, "என்னம்மா சொல்லணும்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க ஐயா, கை அப்படித்தான்," என்றாள். நாலாம் தடவையும் கேட்டபோது, இவ்வளவு தூரம் கேட்கிறாரே என்று, எந்த வளைவில் எந்த வண்டி வேகமெடுக்கும் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். நீதிபதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அரசு வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. நிதி நின்று இரண்டு வருடமாகியும் அந்த முனையில் ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட விழவில்லை, ஆகவே நிதி தேவையே இல்லை என்று ஒரே போடாகப் போட்டார். அவள் தூக்கிய கை அவளுக்கே எதிரான சாட்சியாகிவிட்டது. பெற்றோர்கள் பக்கம் வாதாடிய வக்கீலம்மா நல்ல மனுஷி, பீஸ்கூட வாங்காதவர். அன்று அவர் நில்லு அக்காவை மாடிப்படி ஓரமாக அழைத்துப் போனார்.

"அக்கா, ஒரு வாரம் அங்க போகாம வீட்டுல இருங்க. என்ன ஆகும்னு அவங்களுக்கே தெரியட்டும்."

சொன்ன வேகத்தில் அவர் முகம் செத்துப்போனது.

"ஒரு பிள்ளை விழுந்தாத்தான் ஜெயிப்போம்னா, நாம தோத்துடலாம் வக்கீலம்மா," என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. வக்கீலம்மா அழுதுவிட்டார். அக்கா இடது கையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அடுத்த விசாரணையில் வக்கீலம்மா தான் கேட்டதையும் வந்த பதிலையும் மறைக்காமல் சொன்னார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். அங்கே பிள்ளைகள் விழாமலிருப்பது ஒருத்தி கையை இறக்காததால்தான் என்று தீர்ப்பில் எழுதினார். நிதியைத் திரும்பத் தர வேண்டும். மூன்று வருடம் கழித்து அரசாங்கம் மறுபடி யோசித்துக்கொள்ளலாம்.

தீர்ப்பு வந்த சாயங்காலம், கை இறங்குவதைப் பார்க்கத் தெருவே திரண்டது. கடைசிப் பிள்ளை கடந்ததும் அது மெல்ல இறங்கி, பக்கவாட்டில் தோள் உயரம் வந்து நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

"மூணு வருஷம்தானே குடுத்திருக்காங்க," என்றாள் அவள் கணவரிடம்.

"அதுவும் நியாயம்தான்," என்று அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துப் புது அளவைக் குறித்துக்கொண்டார். பிறகு அந்தக் கைக்கு அடியில் போய்த் தன் தோளைக் கொடுத்துப் பார்த்தார். வெட்டித் தைத்தது போலப் பொருந்தியது. இருவரும் அப்படியே வீட்டுக்கு நடந்தார்கள்.