இழுத்துப் பிடித்த அளவு

எனக்கு வாய் அதிகம். வீடானாலும் வேலையானாலும் யாரையாவது இரண்டு வார்த்தை கிண்டல் பண்ணாமல் எனக்குப் பொழுது போகாது. அப்படிப்பட்ட நான், வாயைத் திறந்தே ஆக வேண்டிய நாளில் கம்மென்று இருந்துவிட்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு முகத்தில் காறித் துப்பினால் துடைத்துக்கொள்வேன், வேறென்ன செய்வது.

நான் ஒரு ஸ்லிம்மிங் சென்டரில் வேலை பார்த்தேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, வருகிற பெண்களின் வயிற்றில் ஜெல் தடவி, சூடாகிற பெல்ட்டைச் சுற்றி, நாற்பது நிமிடம் படுக்கவைத்து, பிறகு இஞ்ச் டேப்பால் இடுப்பை அளந்து அட்டையில் எழுதுவது என் வேலை. எங்கள் இடத்தில் எடை மெஷினே கிடையாது. எடை என்பது தண்ணீர்க் கணக்கு, காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று காட்டும், இஞ்ச்தான் உண்மை என்பார் மேடம். வீட்டிலும் எடை பார்க்காதீர்கள், மனசு விட்டுப்போகும் என்று அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருந்தது.

அளப்பதற்கு ஒரு முறை இருந்தது. நான் சேர்ந்த வாரத்திலேயே மேடம் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் தொப்புளுக்கு நேராக, மூச்சை விடச் சொல்லி, டேப்புக்கு அடியில் நம் விரல் ஒன்றைக் கொடுத்து அளக்க வேண்டும். அடுத்த தடவைகளில் இரண்டு விரல் மேலே ஏற்றி, மூச்சை இழுக்கச் சொல்லி, சற்று இறுக்கிப் பிடித்து அளக்க வேண்டும். ஏமாற்றுவது என்ற சொல் அவர் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. கஸ்டமரை உற்சாகப்படுத்துவது என்பார். நானும் இரண்டு வருஷமாக ஊரிலுள்ள பெண்களையெல்லாம் உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தேன். இதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை, வருகிறவர்கள் சிரித்த முகத்தோடுதானே போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

என் அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டிரியில் இஸ்திரி போடுகிறாள். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான் வேலை. இருபது வருஷம் நின்றதில் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்த பிறகுதான் அடுத்த படிக்குப் போவாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, வலது முழங்காலை முதலில் மாற்றிவிடலாம் என்று மூன்று மாதம் கழித்து ஒரு தேதி குறித்தார். ஆனால் அதற்குள் பத்துக் கிலோ குறைத்திருக்க வேண்டும், குறையாவிட்டால் கத்தி வைக்க மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். லாண்டிரி சூப்பர்வைசரும் தன் பங்குக்கு, இந்த வருஷத்துக்குள் காலைச் சரிபண்ணிக்கொண்டு வராவிட்டால் வேறு ஆளை வைக்க வேண்டியிருக்கும் என்றார். ஆக, அந்தத் தேதியை விட்டால் அக்காவுக்குக் காலும் இல்லை, வேலையும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். சாப்பாட்டு மேஜையில் கடை பரப்பி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி விற்கிற உடம்பு இளைக்கிற பவுடர் டப்பா, தெருமுனை ஜிம்காரன் கொடுத்த நோட்டீஸ், எங்கள் சென்டரின் பளபளப்பான தாள். டப்பாவுக்கு அடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த சாப்பாட்டு அட்டவணையும் கிடந்தது. அதில் புதிதாக ஒன்றும் இல்லை. இவ்வளவுதான் சாப்பிடு, இனிப்பைத் தொடாதே, நாற்காலியில் உட்கார்ந்தபடி இந்தப் பயிற்சியைச் செய் என்று ஒரே ஒரு பக்கம். அதைப் பார்த்தாலே கொட்டாவி வருகிறது என்றாள் அக்கா.

மாமா பேப்பர் படித்துக்கொண்டே, மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு என்னோடு ஒரு மாசம் குடித்தனம் பண்ணினாலே போதும், தானாக இளைத்துவிடலாம் என்றார். இருபத்தைந்து வருஷமாக அதைத்தானே பண்ணுகிறேன், இளைக்கிற மாதிரி தெரியவில்லையே என்றாள் அக்கா.

பிறகு ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டாள். எனக்குத்தான் கொண்டாட்டமாயிற்றே. பக்கத்து வீட்டுக்காரியே மூன்று வருஷமாக அந்தப் பவுடரைக் குடிக்கிறாள், இன்னும் கதவில் ஒருக்களித்துத்தான் நுழைகிறாள் என்றேன். ஜிம்காரன் தூக்கச் சொல்வதை நீ தூக்கினால் அப்புறம் உன்னை நாலு பேர் தூக்க வேண்டியிருக்கும் என்றேன். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் சென்டர் தாளை எடுத்தாள்.

"சரி, உன் இடத்தைப் பத்திச் சொல்லு. எனக்குக் குறையுமா?"

மாமாவும் பேப்பரை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருஷமாக நான் அந்த வீட்டில் விட்ட கதைகள் கொஞ்சநஞ்சமில்லை. வெள்ளைக் கோட்டோடு எடுத்த என் போட்டோவை அக்கா ஹாலில் மாட்டியிருந்தாள். லாண்டிரியில் எல்லாரிடமும் என் தங்கச்சி தெரப்பிஸ்ட் என்று சொல்லி வைத்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் கோட்டு போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான். அங்கே நடப்பதெல்லாம் டேப்பை இழுக்கிற வேலைதான், நீ பேசாமல் அந்த ஆஸ்பத்திரித் தாளை எடு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொன்னால் என் மானம் போகும். அக்காவின் கால் போனாலும் போகட்டும் என்று நான் நினைக்கவில்லைதான். ஆனால் என் மானத்தைத்தான் முதலில் நினைத்தேன்.

"குறையும்க்கா. நான் இருக்கேன்ல" என்றேன்.

"உன் கையில விட்டுட்டா எனக்கென்ன கவலை" என்று டப்பாவையும் நோட்டீஸையும் ஒதுக்கினாள். அவற்றோடு சேர்ந்து அந்த ஆஸ்பத்திரித் தாளும் போயிற்று.

அக்காவை மட்டும் நேர்மையாக அளக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் நாள் விரல் கொடுக்காமல், தொப்புளுக்கு நேராக, சரியாகவே அளந்தேன். ஒருவேளை பெல்ட் கொஞ்சமாவது வேலை செய்யும் என்ற நப்பாசையும் இருந்தது. அக்கா வாரத்துக்கு இரண்டு நாள் வேலை முடிந்த கையோடு நேராக வந்துவிடுவாள். பெல்ட்டைச் சுற்றிய ஐந்தாவது நிமிடம் குறட்டை விடுவாள். பகலில் படுத்ததே இங்கே வந்துதான், படுக்கவைத்தே இளைக்கவைக்கிறார்களே, உங்கள் மேடத்துக்குக் கோயில் கட்டலாம் என்பாள்.

மூன்றாவது வாரம் அளந்தேன். ஒரு நூல்கூடக் குறையவில்லை. அறை வாசலில் மேடம் வந்து நின்றிருந்தார். அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மார்க் கேட்கிற பெண் மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாகச் சோற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு அரை வயிற்றோடு வேலைக்குப் போகிறவள். என் கை தானாக இரண்டு விரல் மேலே ஏறியது.

"மூச்சை இழுங்கக்கா" என்றேன். ஒன்றரை இஞ்ச் குறைந்தது.

அவள் என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். மேடம் சிரித்துக்கொண்டே நகர்ந்துபோனார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அதற்கடுத்த தடவை இறங்கியது. பழகிவிடுகிறது, அதுதான் கேவலம்.

அதன் பிறகு அக்கா பட்டினி கிடப்பதை நிறுத்திவிட்டாள். மெஷின்தான் குறைக்கிறதே, வயிற்றை எதற்குக் காயப்போட வேண்டும் என்றாள். மறுபடி முழுச் சோறு, டீயோடு பிஸ்கட். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் அவள் யூனிஃபார்ம் பாவாடையின் கொக்கி மாட்டவில்லை. எனக்கு உயிரே போயிற்று. அவளோ துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, புதிதாக வந்த டிரையரில் சூடு அதிகம், காட்டன் துணியெல்லாம் சுருங்குகிறது என்றாள். இருபது வருஷமாகத் துணியோடு கிடப்பவள், துணியைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? சுருங்கத்தான் சுருங்கும் என்று நானும் தலையாட்டினேன். கொக்கியை இரண்டு இஞ்ச் தள்ளி நானே தைத்தும் கொடுத்தேன்.

பன்னிரண்டு வாரம் முடிந்தபோது அட்டையில் ஐந்தரை இஞ்ச் குறைந்திருந்தது. அக்கா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று, நீ வராமல் எப்படி, உன் வேலையை அவரும் பார்க்கட்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தலைவலி, காய்ச்சல் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். விடவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடை மெஷினில் ஏறச் சொன்னாள். அக்கா ஏறினாள். பழைய சீட்டில் எழுதியிருந்ததைவிட இரண்டு கிலோ கூட இருந்தது. அக்கா இறங்கி, செருப்பைக் கழற்றி, வளையலைக் கழற்றி, கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினாள். அதே எண். அடுத்த அறையில் இருந்த இன்னொரு மெஷினுக்கு நர்ஸ் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயும் அதே எண்தான். இரண்டுமே ரிப்பேராக இருக்கும்போல என்றாள் அக்கா, தணிந்த குரலில், நர்ஸுக்கு வருத்தம் வந்துவிடக் கூடாதே என்பதுபோல. பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள்.

"என் தங்கச்சிதான் அளந்தா. அவ இதே லைன்ல இருக்கா, கேட்டுப் பாருங்க."

நர்ஸ் அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எத்தனை அட்டை பார்த்திருப்பாளோ. அட்டையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தாள். அதற்கு அவள் என்னை அங்கேயே நாலு அறை அறைந்திருக்கலாம்.

டாக்டர் சத்தம் போடவில்லை. இந்த எடையில் ஆபரேஷன் பண்ணினால் புது மூட்டு தாங்காது, இந்தத் தேதியை வேறொருவருக்குக் கொடுக்கிறேன், ஆறு மாதம் கழித்து வந்து பாருங்கள் என்றார். நாம்தான் மனசு வைக்க வேண்டும் என்று தன்மையாகவே சொன்னார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இன்னொரு நோயாளி காத்திருந்தார், வாசலில் நர்ஸ் நின்றிருந்தாள். அத்தனை பேருக்கு முன்னால் அக்கா தலையைக் குனிந்துகொண்டு, தப்பு என் மேல்தான் சார், வாயைக் கட்ட முடியவில்லை என்றாள்.

நான் அவள் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும். தரையில் கல் பதித்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். டீக்கு இரண்டு பிஸ்கட். ஹோட்டல் பார்ட்டியில் மிஞ்சிய கேக், ஒரு துண்டு, இல்லை, இரண்டு துண்டு. அதற்கு மேல் ஞாபகம் இல்லை என்றாள். ஆறு மாதத்துக்கு சூப்பர்வைசர் காத்திருக்க மாட்டார் என்றாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ இவ்வளவு பாடுபட்ட. நான்தான் உன் பேரைக் கெடுத்துட்டேன். உங்க மேடம் உன்னை ஏதாவது சொல்லுவாங்களா? வேணும்னா இன்னொரு கோர்ஸ் சேர்ந்துடட்டுமா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"அக்கா, அதெல்லாம் ஒண்ணும் குறையவே இல்ல. நான்தான் டேப்பை மேல ஏத்தி இழுத்துப் பிடிச்சேன். உன்மேல தப்பே இல்ல. நீ வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்ட அன்னைக்கே இது குறையாதுன்னு எனக்குத் தெரியும்."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. மடியிலிருந்த என் கையைப் பார்த்தாள். அதை எடுத்து மெதுவாகப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

"வர்ற எல்லாரையும் இப்படித்தான் அளப்பியா?"

"ஆமா."

"எல்லாரோட சேத்துத்தான் என்னையும் அளந்தியா?"

இல்லை, உன் முகம் வாடக் கூடாது என்றுதான் செய்தேன் என்று சொல்லலாம். அதுவும் பொய்தான். வாடக் கூடாது என்று நினைத்தது என் முகத்தை.

அக்கா பெஞ்சின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். படிக்கட்டுக்குப் போய், கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி முதல் படியில் காலை வைத்தாள். வலது கால் நடுங்கியது. எப்போதும் போல நான் ஓடிப்போய் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன்.

"தொடாத" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. யாரோ தெரியாதவர்களிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

கையை எடுத்துவிட்டேன். மேலே ஏறி வருகிறவர்கள் அவளையும், பின்னால் சும்மா நிற்கிற என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு படிகள். ஒவ்வொன்றிலும் அவள் இரண்டு காலையும் வைத்து இறங்கி முடிக்கிறவரை, இரண்டு படி மேலேயே நின்று நின்று நானும் இறங்கினேன்.