விடச் சொன்னால்தான் விடும்

மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றித் தரும் காயில்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். மோட்டார் புகைந்துபோய் வந்தாலும் சரி, அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர் புகைந்துபோய் நின்றாலும் சரி, ஒரே அதட்டல்தான்: "வச்சிட்டுப் போங்க, ஓடும்." ஓடவும் செய்யும். அதனால் அந்த வாயை யாரும் அடக்கப் பார்த்ததில்லை.

அன்று காலை இரும்புக் கிடங்கின் நடுவில் நின்று, கிரேனில் தான் புதிதாக மாட்டிய காந்தத்தைக் காட்டி அதே வாயால் கிடங்கு முதலாளியிடம் சொன்னாள். "இந்தக் காந்தம் தகட்டைக் கீழே போடாது. போட்டா என் பட்டறையை இழுத்துப் பூட்டிடறேன்."

முதலாளிக்குக் காந்தத்தைப் பற்றிக் கவலையில்லை. கிரேன் ஓட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கோ அந்த ஆளைப் பற்றித்தான் கவலை. கிரேன் ஓட்டும் மாமா, அக்காவின் கணவர். போன மாதம் மாமா கிரேனில் தூக்கிப்போன தகடு, கரண்ட் போனதும் பாதி வழியில் பொத்தென்று விழுந்தது. பழைய காந்தம் அப்படித்தான். காயிலில் கரண்ட் இருந்தால் காந்தம், இல்லாவிட்டால் வெறும் இரும்பு. நல்லவேளை, கீழே ஆள் இல்லை. ஆனால் மாமா ஒடிந்துபோனார். கிரேன் ஏணியில் கால் வைப்பார், உடனே இறங்கிவிடுவார். சாப்பாடு இறங்கவில்லை, வீட்டில் பேச்சில்லை. இன்றைக்கும் ஓட்டாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

மனசு கேட்காமல் அக்காவும் கூட வந்திருந்தாள். "நெஜமாவே விழாதாடி?"

"உள்ளே ரெண்டு காந்தம் இருக்குக்கா. ஒண்ணு அழுத்தக்காரன், என்ன ஆனாலும் திசை மாற மாட்டான். இன்னொண்ணைச் சுத்திக் காயில் போட்டிருக்கேன். சுளீர்னு ஒரு கரண்ட் விட்டா நம்ம மாமா மாதிரி பேசாம திரும்பிப்பான். ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தா இழுப்பு வெளியே வந்து தகட்டைப் பிடிக்கும். எதிரெதிரா நின்னா ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு உள்ளேயே முடிஞ்சுடும், தகடு கழண்டுக்கும். கரண்ட் திருப்பறதுக்கு மட்டும்தான். பூட்டறதுக்குத்தானே சாவி வேணும்? பூட்டியே இருக்கறதுக்கு எதுக்கு?"

"அது சரி, என் புருஷனை எதுக்குடி நடுவுல இழுக்கறே?"

மேலே மாமாவின் கூண்டில் பழைய சுவிட்சுக்குப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் வைத்திருந்தாள். பச்சையை அழுத்தினால் பிடிக்கும், சிவப்பை அழுத்தினால் விடும். பழைய சுவிட்ச் இப்போது அந்தப் பொத்தான்களுக்குக் கரண்ட் கொடுக்க மட்டும்தான், அதைத் தொடவே வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தகட்டைத் தூக்கிவந்து மரக்கட்டைகளுக்கு மேல் நிறுத்த வேண்டும், அப்புறம் அவளே மெயினை அணைத்துக் காட்டுவாள். அதுதான் ஏற்பாடு.

மாமா கம்பியை இறுகப் பிடித்துப் பிடித்து ஏறினார். பச்சையை அழுத்தினார், டக்கென்று ஒரு சத்தம். தகடு எழும்பியது, கிடங்கைக் கடந்து வந்தது, கட்டைகளுக்குச் சற்று மேலே மெல்ல இறங்கி நின்றது. ஒரு கட்டை கோணலாகக் கிடந்ததைக் காயில்காரி பார்த்தாள். குனிந்து, தகட்டுக்கு அடியில் கையை விட்டாள். புத்தி உள்ளவர் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். கர்வம்தான், வேறென்ன!

அந்தக் கிடங்கில் கிரேன் ஓட்டியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கட்டைக்கு ஒரு சாண் இருக்கும்போதே சுவிட்சைத் தட்டிவிடுவார்கள். தகடு தானாகப் படுத்துக்கொள்ளும், நேரம் மிச்சம். மேலேயிருந்து பார்த்தால் அவள் கையைத் தகடு மறைத்தது. மாமாவின் விரல் யாரையும் கேட்கவில்லை, பழைய சுவிட்சைத் தட்டிவிட்டது.

கரண்ட் இருப்பதைக் காட்டக் காந்தத்தின் மேல் எரிந்த விளக்கு அணைந்தது.

"ஐயோ, கையை எடுடி!" என்று அக்கா அலறினாள்.

தகடு அசையவில்லை. காயில்காரி முதலில் கட்டையை நேராக்கினாள். அப்புறம்தான் கையை எடுத்தாள்.

மாமா ஏணியில் பாதி சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடிவந்தார். "பழக்க தோஷத்துல அணைச்சுட்டேன்மா... உன் கை..." அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார். கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது.

"எல்லாம் இருக்கு மாமா. ஒண்ணும் குறையலை."

அவர் தகட்டைத் திரும்பிப் பார்த்தார். கரண்ட் இல்லாமல் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப... நானே தப்பு பண்ணாலும் விடாதா?"

"அணைச்சா விடாது மாமா. விடச் சொன்னாத்தான் விடும்."

அக்கா வந்த வேகத்தில் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "உன் காந்தத்துக்கு இருக்கற பொறுப்பு உனக்கு இருக்காடி?" காயில்காரி முதுகைத் தடவிக்கொண்டாள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "மெயினை அணைச்சுக் காட்டறேன்னியே?"

"அதான் எங்க மாமா காட்டிட்டாரே!"

அதற்குள் மாமாவைக் காணோம். யாரும் சொல்லாமலே ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கம்பியை ஒரு கையால்தான் பிடித்தார், இன்னொரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேலே போய்ப் பழைய சுவிட்சைப் போட்டார், விளக்கு எரிந்தது. கூண்டிலிருந்து தலையை நீட்டி, ஒரு மாதமாக வீட்டில் கேட்காத குரலில் கத்தினார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க! ஏய் காயில்காரி, கையைக் கட்டிக்கிட்டு நில்லு. இப்ப விடச் சொல்லப்போறேன்!"

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். தகடு கட்டைமேல் உட்கார்ந்தது, டக்கென்று காந்தம் விட்டது. முதலாளி வாயைத் திறப்பதற்குள் கிரேன் அடுத்த தகட்டுக்குப் போய்விட்டது.