ஐம்பது அடி தூரம்

மரை வெட்டும் டையைக் குழாயின் வாயில் பொருத்தி முதல் சுற்றுக் கொடுக்கும்போது உடம்பின் கனம் முழுவதும் அதன்மேல் இறங்க வேண்டும். இரண்டாவது சுற்றிலிருந்து அது தேவையில்லை, இரும்பே இரும்பைக் கவ்வி இழுத்துக்கொள்ளும். முக்கால் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால், நடுவில் ஒரு சொட்டு எண்ணெய். வேம்புலி இதையெல்லாம் நினைத்துச் செய்யவில்லை. கை செய்தது. இரும்புத்தூள் சுருள் சுருளாகச் செருப்பின்மேல் விழுவதை அவன் வேறு யாரோ செய்யும் வேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பின் பராமரிப்புப் பிரிவுக் கொட்டகை அது. எழுபத்திரண்டாம் வருடம், ஐப்பசி மாதம். மழை இரண்டு நாளாக விட்டிருந்தது. பிளம்பர் வேலைக்கான தேர்வுக்கு ஐந்து பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். வேம்புலி ஒன்பது வருடமாக அங்கே கலாசி. பேருக்குச் சாமான் தூக்குகிறவன், செய்ததெல்லாம் பிளம்பர் வேலை. எந்த வீட்டுக் குழாயில் எந்த வாஷர் தேயும், எந்தத் தொட்டியின் மிதவைப் பந்து ஓட்டையாகித் தண்ணீர் வழியும், மூன்றாவது வரிசையில் வால்வை மூடினால் எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும், எல்லாம் அவனுக்குத் தெரியும். தரைக்குள் கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் கடப்பாரையை மண்ணில் ஊன்றி, மேல்முனையில் காதை வைத்துக் கேட்பான். தண்ணீர் போகும் சத்தம் வேறு, தண்ணீர் தப்பிக்கும் சத்தம் வேறு. தேறினால் உத்தியோகம் நிரந்தரம். வரிசைப்படி குடியிருப்பில் ஒரு வீடும் உண்டு, வீட்டுக்குள்ளேயே குழாயோடு.

அந்த வீட்டைப் பற்றி அவன் மனைவி முனியம்மா வருடக்கணக்கில் பேசியிருக்கிறாள். இந்த இருபத்துமூன்று நாளாகப் பேசவில்லை.

சணல் நூலை மரையில் சுற்றி வெள்ளைப் பசை தடவி, எல்போ என்கிற வளைவுத் துண்டை முறுக்கி நிறுத்தினான். உதவிப் பொறியாளர் பரந்தாமன் வந்து குனிந்து பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. குழாயில் தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுக்கச் சொன்னார். இணைப்பில் ஒரு துளிகூடக் கசியவில்லை. கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார், துணி உலர்ந்தே இருந்தது.

“ஈயம் ஊத்தி ஜாயிண்ட் போடுறப்போ மொதல்ல எதைப் பாக்கணும்?”

“ஈரம் கீதான்னு பாக்கணும் சார். ஒரு பொட்டு ஈரம் இருந்தாக்கூட காச்சின ஈயம் வெடிச்சி மூஞ்சில அடிக்கும்.”

“கக்கூஸ் பீங்கானுக்குக் கீழ வளைவு எதுக்கு?”

“அதுல எப்பவும் தண்ணி நிக்கும் சார். கொயாயில கீற கெட்ட காத்து ஊட்டுக்குள்ள வராது.”

பரந்தாமன் தாளில் குறித்துக்கொண்டார். நிமிராமலே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

“ஒரு எடத்துல கக்கூஸ் குழி இருக்கு. பக்கத்துல அடிபம்பு போடச் சொல்றாங்க. எவ்வளவு தள்ளிப் போடுவ?”

வேம்புலி கையிலிருந்த எண்ணெயைக் கந்தல் துணியில் துடைத்தான். பதில் தெரியாமல் இல்லை.

“அம்பது அடி சார்.”

“கிட்டக்க போட்டா?”

“அந்தத் தண்ணியக் குடிக்கக் கூடாது சார்.”

“குடிச்சா என்ன ஆகும்?”

“வாந்திபேதி வரும் சார். மழைக் காலத்துல குழித் தண்ணி மேல ஏறும், அப்ப சீக்கிரமா வரும்.” நிறுத்தினான். குரல் ஒரே மட்டத்தில்தான் இருந்தது. “கொயந்தைங்களுக்கு மொதல்ல வரும்.”

பரந்தாமன் இப்போது நிமிர்ந்தார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. “புத்தகத்துல இருக்கறதவிட நல்லா சொல்றியே. எங்கேப்பா கத்துக்கிட்ட?”

“இங்கதான் சார். வேலையில.”

அது பொய்யில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் குடியிருப்பின் பின்புறம் கழிவுத்தொட்டிக்குப் பக்கமாகக் குடிநீர்க் குழாய் புதைத்தபோது, அப்போதிருந்த பொறியாளர் வந்து பார்த்து முழுக் குழாயையும் பிடுங்கச் சொன்னார். ஏனென்று கேட்ட வேம்புலிக்கு, மண்ணில் குச்சியால் படம் போட்டுக் காட்டினார். மறுபடி பள்ளம் தோண்டி, ஐம்பது அடி தள்ளிப் புதைக்க நாலு நாளாயிற்று.

அதே வருடம்தான் கோவில்பதாகையில் அவன் தெருவில் கஜபதி கக்கூஸ் கட்டினார். தெருவின் அடிபம்பு கஜபதியின் இடத்து ஓரத்தில் இருந்தது. அறுபத்தாறில் வேம்புலிதான் அதை இறக்கினான். அதுவரை பெண்கள் ஏரிக்கரைக் கிணற்றுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். எங்கே போடுவது என்று தெருவே யோசித்தபோது, “என் எடத்துல போட்டுக்கோ நைனா” என்று சொன்னவர் கஜபதி. நல்ல மனுஷன். மருமகள் வரப்போகிறாள், அந்தப் பெண் இருட்டில் ஏரிப் பக்கம் போக வேண்டாம் என்றுதான் கக்கூஸ் கட்டினார். குழி பம்பிலிருந்து எட்டு அடியில் அமைந்தது. வேம்புலி தோண்டும்போது பார்த்துக்கொண்டு நின்றான். “கொஞ்சம் தள்ளி தோண்டலாமே அண்ணாத்தே” என்றான். “தள்ளறதுக்கு எடம் எங்க கீது?” என்றார் அவர். அதற்குமேல் அவன் சொல்லவில்லை. சொன்னால் அவர் மனம் கோணும், கோணினால் பம்புக்கே இடம் போகும். அப்படித்தான் அன்று நினைத்துக்கொண்டான். பீங்கானை வைத்துச் சிமெண்டு பூசிக் கொடுத்ததும் அவன்தான். அன்று மத்தியானம் கஜபதி வீட்டில் கறிக்குழம்போடு சோறு போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை, ஒரு வருடம், இரண்டு வருடம். வீடு கிடைத்துவிட்டால் எப்படியும் இங்கிருந்து போய்விடுவோம் என்று இருந்தான்.

புரட்டாசியில் ஒன்பது நாள் மழை பெய்தது. தெருவில் ஐந்து பேருக்கு வாந்திபேதி வந்தது. நான்கு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். அவன் மகள், ஏழு வயது தேசம்மா எழவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது பஸ் அம்பத்தூரைத் தாண்டியது. அவன் மடியில் கால், முனியம்மா மடியில் தலை. கால் சில்லென்று ஆனது அவனுக்கு முதலில் தெரிந்தது. அடுத்த நிறுத்தம் வரை அவன் வாயைத் திறக்கவில்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முனியம்மா மகளைத் திருவேற்காட்டுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அங்கே அடம்பிடித்தாள் என்று சிவப்புக் கலர் ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். சாவுக்கு வந்தவர்களில் ஒருத்தி, “இன்னா குட்த்த கொயந்தைக்கி?” என்று கேட்டாள். முனியம்மா ஐஸைச் சொன்னாள். அதன்பிறகு வந்தவர்களுக்கெல்லாம், கேட்காவிட்டாலும், அதையே சொன்னாள். “நான்தான் வாங்கிக் குட்த்தேன். வாணான்னு சொல்லிருக்கலாம்.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேம்புலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற நாலு பேர் ஐஸ் தின்னவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. அவனுக்கு அழுகை வரவில்லை. அழுதுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். பல் பிடுங்கிய இடத்தில் நாக்கை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் உள்ளே எங்கும் இருந்தது.

“போப்பா, தேறிட்ட” என்றார் பரந்தாமன். “வீட்டுக்குத்தான் ரெண்டு வருஷம் ஆகும். வரிசை பெரிசு.”

“சரி சார்.”

“சந்தோஷமா இல்லையா?”

“இருக்கு சார்” என்றான். பெரிய பைப் ரெஞ்சையும் சங்கிலி ரெஞ்சையும் திங்கட்கிழமை திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிச் சைக்கிளின் பின்னால் கட்டினான். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

கோவில்பதாகைக்கு வந்து சேரும்போது மணி மூன்று இருக்கும். பம்பில் ஏழெட்டுக் குடங்கள் வரிசையில் இருந்தன. முனியம்மா அடித்துக்கொண்டிருந்தாள். முக்கால் குடம் நிறைந்திருந்தது. அவனைப் பார்த்தாள். பாஸா பெயிலா என்று கேட்கவில்லை.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, “கொஞ்சம் தள்ளுங்கோ” என்றான். பெண்கள் குடங்களை நகர்த்தினார்கள். ரிப்பேர் என்று நினைத்தார்கள், வாஷர் மாற்றுகிறவன் எப்போதும் அவன்தானே. கைப்பிடியின் ஆணியைத் தட்டி எடுத்தான். பம்பின் தலையில் ரெஞ்சைப் போட்டுத் திருகினான். ஆறு வருடத்துக்கு முன்னால் அவனே முறுக்கியது, நன்றாகத்தான் முறுக்கியிருந்தான். மூன்றாவது இழுப்பில் கழன்றது. அதைத் தூக்கித் தரையில் படுக்கவைத்தபோது உள்ளேயிருந்த தண்ணீர் அவன் காலில் கொட்டியது.

சத்தம் கேட்டுக் கஜபதி வெளியே வந்தார். தோளில் துண்டு, வாயில் வெற்றிலை.

“இன்னா நைனா, வாஷர் போச்சா?”

“இல்ல அண்ணாத்தே. பம்ப எடுக்கறேன்.”

“எடுத்து?”

“எடுத்துட்றேன். இந்தத் தண்ணி வாணாம். ஒங்க கக்கூஸ் குழி எட்டடில கீது. ஊறி ஊறி இதுல எறங்குது. அதக் குட்ச்சிதான் அஞ்சு பேருக்கும் வந்துச்சி.”

கஜபதி வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தன் கக்கூஸின் சுவரைப் பார்த்தார். பிறகு பம்பு இருந்த இடத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே பார்வையை இரண்டு முறை ஓட்டினார்.

“பீங்கான் வச்சிக் குட்த்தது நீதானேப்பா?” என்றார். அதட்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

“நான்தான்.”

“ஒரு வார்த்த சொல்லக் கூடாது?”

“சொன்னேன். சொல்ற மாதிரி சொல்லல.”

ஒரு கிழவி, “அப்ப தண்ணிக்கி எங்கடா போவறது?” என்று ஆரம்பித்தாள். அவள் கையைப் பக்கத்தில் இருந்தவள் பிடித்து அமுக்கினாள். எல்லோரும் முனியம்மாவைப் பார்த்தார்கள்.

முனியம்மா முக்கால் குடத்தின் வாயில் கையை வைத்தபடி நின்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை, யாரோ தூங்கி எழுந்து பேசுவதுபோல இருந்தது.

“ஒனக்கு எப்ப தெரியும்?”

“குழி தோண்டறப்பவே தெரியும்.”

“அந்த ஐசு?”

“அது ஒண்ணும் பண்ல.”

அவள் தலையை மட்டும் அசைத்தாள், வழி கேட்டவள் வழி தெரிந்துகொண்டதுபோல. அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் வலிக்குமா என்றுகூட அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது. அவள் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் சிமெண்டு மேடையில் பரவி, அவன் காலைச் சுற்றிக்கொண்டு ஓடிச் சாக்கடையில் விழுந்தது. கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துப் பிடித்திருந்தாள். பிறகு வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். கொஞ்சம் பொறுத்து மற்றவர்களும் குடங்களை எடுத்தார்கள்.

தரையில் குழாயின் வாய் ஒரு சாண் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு மூடி போட்டு முறுக்கினால் போதும். ஆனால் மூடியை யார் வேண்டுமானாலும் கழற்றலாம். வெயில் காலத்தில் கழற்றவும் செய்வார்கள். வேம்புலி சங்கிலி ரெஞ்சைக் குழாயில் சுற்றி, உடம்பின் கனத்தை அதன்மேல் போட்டான். குழாய் அசையவில்லை. மண் ஆறு வருடமாகப் பிடித்து வைத்திருந்தது. மறுபடி போட்டான். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

ரெஞ்சின் பிடியில் அவன் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை விழுந்தது. கஜபதி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துச் செருகிக்கொண்டு நின்றார். இருவரும் ஒரே திசையில் தள்ளினார்கள், விட்டார்கள், தள்ளினார்கள். எங்கோ ஆழத்தில் ஒரு முனகல் கேட்டு, குழாய் விரற்கடை அளவு திரும்பியது. அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர ஆரம்பித்தது. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், தலைக்குமேல். இறக்கும்போது பளபளவென்று இருந்த இரும்பு இப்போது கறுத்து, சேறு பூசி, வெயிலில் ஆவி விட்டுக்கொண்டு வந்தது.

கூரைகளுக்கு மேலே எழுந்த குழாயின் முனை காற்றில் இப்படியும் அப்படியும் ஆடியது. அது சாய்ந்து விடாமல் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் ஏரிக்கரை மேட்டின்மேல் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். வெறுங்குடங்களில் பட்ட வெயில் மாறி மாறிக் கண்ணைக் கூசவைத்தது. அதில் முன்னால் போகிறவள் எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று இங்கிருந்து தெரியவில்லை.