உப்பிடாத ஓலன்

எளவன் பூசணிக்காய்த் துண்டுகள் வெந்து கண்ணாடி மாதிரி ஆகத் தொடங்கியபோது பிச்சம்மாள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கையில் முறம். காலையிலிருந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், பாதியில் எழுந்து வந்திருந்தாள்.

"வைத்தியர் சொன்னது காதுல விழுந்துதோ, வாலா?"

"விழுந்தது."

விழாமல் என்ன? வாசல்படியில் குடையை விரித்தபடி வைத்தியர் தாழ்ந்த குரலில் வாலாம்பாளின் மகன் சேஷனிடம் சொன்னதை அவள் ஜன்னல் வழியாக ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தாள். "இனி பத்தியம் ஒந்நும் வேண்டா. உப்பிட்டோளூ. இஷ்டமுள்ளது கொடுத்தோளூ." இனி உப்பு போடலாம், இஷ்டப்பட்டதைக் கொடுக்கலாம், அவ்வளவுதான். மருந்துப் பெட்டியைத் திறக்காமலே மழையில் இறங்கிப் போய்விட்டார்.

"அப்போ போடு உப்பை."

"போடப் போறதில்லை, அக்கா."

பிச்சம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "என்னது?"

"போடப் போறதில்லை."

தை மாதம் வாலாம்பாளின் கணவர் பட்டாபியின் காலில் தொடங்கிய வீக்கம் இப்போது வயிறு தாண்டி நெஞ்சுக்கு ஏறியிருந்தது. அன்று முதல் உப்பில்லாப் பத்தியம். உப்பு இல்லாமல் ருசியை எங்கிருந்து கொண்டுவருவது? மத்தங்காய் எரிசேரிக்குத் தேங்காயைச் சிவக்கச் சிவக்க வறுத்துப் பார்த்தாள் வாலாம்பாள். அவியலில் கறிவேப்பிலையை அள்ளி அள்ளிப் போட்டாள். எதை வைத்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான். "வைத்தியர் இன்னும் விடலையாடி?"

கேட்பார், கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். "விட வேண்டாம். எங்கப்பாவுக்கு இதே வியாதி. உப்பு போடலாம்னு வைத்தியர் சொன்னார், போட்டாச்சு, சாயங்காலமே போயிட்டார். என்னிக்கு என் கிண்ணத்துல உப்பு விழறதோ, அன்னிக்கு நீ சாஸ்திரிகளுக்குச் சொல்லியனுப்பிடு."

பிச்சம்மாள் அந்த வீட்டில் பிறந்தவள், பட்டாபிக்கு அக்காள். அப்பாவுக்கு அன்று உப்பு போட்டது அவள் கைதான்.

"கேட்டதைக் குடுக்காம அனுப்பினா, அந்த ஏக்கம் அவனோட போகும்டி. பாவம் உனக்கு வேண்டாம்."

"குடுத்தா அவருக்குத் தெரிஞ்சு போகும்."

"தெரியட்டுமே! அவன் என்ன பச்சைக் குழந்தையா?"

"உங்கப்பா முகத்தை அன்னிக்குப் பார்த்தேளா? முதல் வாய் உள்ளே போனதும்?"

பிச்சம்மாள் குனிந்து முறத்தை ஓரமாக நகர்த்தினாள்.

"இவர் பார்த்தார். எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கார் தெரியுமா? அழலையாம். கத்தலையாம். கிண்ணத்தைத் தள்ளிவெச்சுட்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துண்டாராம். யாரோடயும் பேசலையாம்."

"நான் போடறேன், நகரு." பிச்சம்மாள் உப்புப் பரணிக்குக் கை நீட்டினாள். வாலாம்பாள் அதற்குள் பரணியைத் தூக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"வாலா, எனக்கு அவன் தம்பி."

"எனக்கு அவர் யாரு?"

சேஷன் ஓடிவந்தான். "அம்மா, அத்தை, மெல்ல. அப்பா முழிச்சிண்டுதான் இருக்கார்." இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் போய் ஒரு தேங்கா உடைச்சுட்டு வரேன்." குடையை மறந்துவிட்டுப் போனான்.

வாலாம்பாள் ஒரு கையால் பரணியைப் பிடித்தபடியே வெந்த வன்பயறைச் சேர்த்தாள். தேங்காய்ப்பாலை ஊற்றி, பொங்குமுன் இறக்கினாள். பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் விழுந்ததும் ஓலன் வாசனை வீடு முழுக்கப் போயிற்று.

"வாலா... ஓலனா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

பரணியை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, கிண்ணத்தோடு போய் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். எலும்பாகிப்போன தோள்களும், பானையாய் வீங்கிய வயிறும். பிச்சம்மாள் கதவோரம் நின்றுகொண்டாள்.

"வைத்தியர் என்ன சொல்லிட்டுப் போனார்?"

"கஷாயத்தை மாத்தணும்னார்."

"படியில நின்னு ரொம்ப நேரம் பேசின மாதிரி இருந்துதே."

"மழையைப் பத்தி."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் கரண்டியை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். நாக்கு மெல்லத் துழாவியது, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எதையோ தேடுவதுபோல.

"தூ! இதை ஒரு மனுஷன் திம்பானா?"

"ஆவணி பொறக்கட்டும்னு சொல்லியிருக்கார். ஆவணி பொறந்தா கொஞ்சம் கொஞ்சமா போடலாமாம்."

"ஆவணியா?" கண்ணில் ஏதோ வெளிச்சம் ஏறியது. "அக்கா, கேட்டியா? ஆவணி வரைக்கும் இவ கையால இந்தத் தண்டனை."

பிச்சம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"வாலா, முதல்ல ஓலன்தான் வைக்கணும். எளவன் பிஞ்சா இருக்கணும், சாலைக் கடைத்தெருவுக்கு சேஷனைக் காலம்பறவே அனுப்பு. உப்பு தாராளமா. போடறதுக்கு மேல ஒரு பரல் கூடவே போடு."

"போடறேன்."

"மறந்துடுவே நீ."

"மறக்க மாட்டேன்."

"சத்தியம் பண்ணு."

வீங்கிய கையின் மேல் தன் கையை வைத்தாள். விரல் பட்ட இடம் குழிந்து, குழிந்தபடியே நின்றது. இன்னும் இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டார். மூன்றாவது கடைவாயில் வழிந்தது. "மதி, போறும்," என்றார்.

சேஷன் சொட்டச் சொட்டத் திரும்பிவந்தபோது பட்டாபிக்கு நெஞ்சில் இழுப்பு கண்டிருந்தது. கங்கைச் சொம்பை உடைத்து மகன் ஊற்றிய ஜலம் பாதிதான் உள்ளே போயிற்று.

பிறகு வீடு வாலாம்பாளுடையதாக இல்லை. யார் யாரோ வந்தார்கள். கட்டிலிலிருந்து இறக்கித் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். எதிர்வீட்டு அனந்தலக்ஷ்மி அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். சாவு விழுந்த வீட்டில் சமைத்தது எதுவும் இருக்கக் கூடாது. சாதத்தையும் ஓலனையும் கொல்லைக்குக் கொண்டுபோய் வாழையடியில் கொட்டினாள்.

பிச்சம்மாள் தம்பியின் காலடியில் உட்கார்ந்து அலறினாள். "ஒரு பரல் உப்புக்கு ஏங்கிண்டே போயிட்டானே! கையில வெச்சுண்டே இல்லைன்னுட்டாளே! இவளும் ஒரு பொம்மனாட்டியா?" வந்தவர்கள் வாலாம்பாளைப் பார்த்தார்கள். அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் வரவில்லை. அதையும் பார்த்தார்கள்.

"பொம்மனாட்டிகள் வாய்க்கரிசி போடறவா வரலாம்," என்று சாஸ்திரிகள் குரல் கொடுத்தார். "மழை கொஞ்சம் விட்டிருக்கு. சீக்கிரம்."

வாலாம்பாள் எழுந்தாள். நேராக அடுக்களைக்குள் போனாள். ஈர அடுப்பிலிருந்து சாம்பல் வாடை வந்தது. பாத்திரமெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. உப்புப் பரணியை மட்டும் யாரும் தொடவில்லை.

"எங்கே போயிட்டா இவ?"

"இதோ வரேன்."

மூடிய வலது கையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தாம்பாளத்தில் நனைத்த பச்சரிசி இருந்தது. விரல்களை முழுக்க விரிக்காமலே அரிசியை அள்ளினாள். குனிந்து, அவர் வாயில் போட்டுவிட்டு, ஒரு கணம் அப்படியே நின்றாள். பின்னால் நகர்ந்தாள்.

வெள்ளை அரிசி நடுவில் பழுப்பாக இரண்டு பரல் தெரிந்தன.

சாஸ்திரிகள் குனிந்தார். "கல்லு கிடக்கே. நன்னாப் பார்த்துக் களைஞ்சிருக்கப்படாதோ?" எடுக்க விரலை நீட்டினார்.

பிச்சம்மாளின் அழுகை நின்றது. அவள் அந்தப் பரல்களைப் பார்த்தாள். வாலாம்பாளின் கையைப் பார்த்தாள். ஈர உள்ளங்கையை வாலாம்பாள் புடவையில் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தாள்.

"ரேஷன் அரிசி, சாஸ்திரிகளே," என்றாள் பிச்சம்மாள். "யுத்த காலத்துல கல்லு இல்லாத அரிசிக்கு எங்கே போறது? விடுங்கோ."

அவர் கையைத் தாண்டி முன்னால் வந்து, தாம்பாளத்திலிருந்து தன் கை நிறைய அள்ளித் தம்பியின் வாயில் போட்டாள். பரல்கள் மறைந்தன. ஒரு அரிசி மட்டும் உருண்டு தாடைக்கு வந்தது. அதை ஒற்றை விரலால் மேலே தள்ளி, உள்ளே வைத்தாள்.