யாரும் தொடாமல்

சோதனைக்கு ஓடும் புது மாடல் ஜெனரேட்டர் பழுதாகும். வசந்தகுமார் காரணம் கண்டுபிடித்து அந்தப் பாகத்தை மாற்றுவான், மறுபடி ஓட்டுவான். பழுதில்லாமல் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பான். புள்ளிகள் ஏறி ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டால் சோதனை முடிந்தது. முடிந்தால் அவனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். மனைவி காவ்யாவும் குழந்தையும் அங்கேதான் இருந்தார்கள்.

வடக்கே, ரஞ்சன்காவ் சோதனைக் கொட்டகையில் இது அவனுக்கு இரண்டாவது கோடை. தங்கியிருந்த நிக்டியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போவதிலேயே பாதி உயிர் போயிற்று. நல்லவேளையாக, தீபாவளிக்குப் பிறகு புள்ளிகள் மளமளவென்று ஏறின. டீசல் குழாயைப் பிடிக்கும் தகட்டை அவன் தடிமனாக்கியதால்தான் போல்ட் கழல்வது நின்றது என்று மேனேஜர் குல்கர்னி எல்லார் முன்னாலும் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

புள்ளி சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது; மதியம் சோதனை முடிந்ததென்று அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் உள்ளே நுழைந்தவன், ஆபரேட்டர் தங்கராஜ் ஸ்பானரும் கையுமாக அந்தத் தகட்டின் மேல் குனிந்திருப்பதைப் பார்த்தான். பக்கத்துக் கட்கியில் ஆர்டினன்ஸ் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த, வயதில் மூத்த தமிழர் அவர்.

"என்னங்ணா பண்றீங்க?"

"டைட் வெக்கறேன் சார். ஷிஃப்ட் முடியறப்போ ஒரு சுத்து, அவ்ளோதான். இல்லேன்னா கழண்டுடுது."

"எப்ப இருந்து?"

"தீவாளிலேருந்து. போன்ல ஊட்டுக்காரம்மாகிட்ட அழுதீங்களே, கேட்டுட்டேன். பாவம், புள்ளய பிரிஞ்சி கெடக்கறாருன்னு மத்த ஷிஃப்ட்காரங்ககிட்டயும் சொல்லி வெச்சேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். அவர் தோளைத் தொட்டுவிட்டு மேனேஜர் அறைக்குப் போனான்.

விஷயத்தைக் கேட்ட குல்கர்னி அசரவில்லை. தினமும் இறுக்கச் சொல்லி மெஷினோடு தரும் கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடலாம், நீ கையெழுத்துப் போடு என்று இந்தியில் சொன்னார். வசந்தகுமார் பேனாவைத் திறந்தான். காவ்யாவின் முகம் வந்து நின்றது. இந்த மாடல் ஜெனரேட்டர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகப்போவதும் நினைவுக்கு வந்தது.

"வாங்குகிற இடத்தில் தங்கராஜ் இருக்கமாட்டார் சார்" என்று பேனாவை மூடினான். குல்கர்னி எழுந்து போனார்.

தீபாவளியிலிருந்து வைத்த புள்ளி அத்தனையும் வீண். ஜெனரேட்டரை மறுபடி ஓடவிட்டு, இனி யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் போல்ட் ஆட ஆரம்பித்தது. தங்கராஜின் கை தானாக நீண்டது. வசந்தகுமார் அதைப் பிடித்துக்கொண்டான்.

"உயுந்துடும் சார்."

"உழுகட்டும்ங்ணா."

அது விழுகிறவரை அவன் அந்தக் கையை விடவில்லை.